களை இயந்திரம் கேட்ட கேள்வி

மலாவியின் அந்தக் கிராமத்தில் களையெடுக்கும் இயந்திரங்கள், முந்தைய நாள் பள்ளிப் பாடத்திலிருந்து தாங்கள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் நகரும். ம்வாலே வீட்டில் பதில் சொல்வது மகள் ததாலா.

"சோளக்காட்டுல களை மண்டிக் கிடக்கு. இயந்திரம் மட்டும் பத்தாது. இந்த வாரம் நீயும் கூட நின்னு பிடுங்கு, பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று ம்வாலே நேற்று அவளை நிறுத்திவிட்டார்.

இன்று காலை இயந்திரம் கேட்டது: "முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு?"

"மூணு" என்றார் ம்வாலே. அது அசையவில்லை.

"நீ சொல்லேம்மா."

"நேத்து நான் போகலியேப்பா."

பக்கத்துக் காட்டு இயந்திரங்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. ம்வாலே சைக்கிளை எடுத்து, மகளைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கு மிதித்தார்.

விடை நூற்றெண்பது என்று தோழி நேற்று மாலையே சொல்லியிருந்தாள். ததாலா அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.