ஏரிக்கரையில் ஒரு விறகுத் திருடர்

"டுவேன், எழுந்து பாரு! அந்த ஆளு நம்ம விறகைத் திருடிட்டுப் போறார்!"

லோர்னா கூடாரத்தின் வலை ஜன்னல் வழியே காட்டினாள். பக்கத்து இடத்தில் தங்கியிருக்கும் ஹால்வர்சன், எழுபதைத் தாண்டிய மனிதர், பட்டப்பகலில் இரண்டு கை நிறைய விறகோடு போய்க்கொண்டிருந்தார். ஓட்டம் இல்லை, ஒளிவு மறைவு இல்லை. சொந்த வீட்டுப் பொருளை எடுத்துப் போகிறவர் மாதிரி அப்படி ஒரு நிதானம்.

டுவேன் எட்டிப் பார்த்தான்.

"குறைஞ்ச மாதிரியே தெரியலையே? அடுக்கு அப்படியேதானே இருக்கு."

"அதான் எனக்கும் புரியல. நேத்தும் எடுத்தார். நேத்தும் குறையல."

"குறையாத திருட்டு என்ன திருட்டு? விடு."

லோர்னாவால் விட முடியவில்லை. டுவேனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு இதுதான் முதல் பயணம். ஏரியை ஒட்டிய இந்த இடத்துக்காகப் பனி கொட்டுகிற மாதத்திலேயே பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தாள். காலையில் மீன்பிடிப்பு, சாயங்காலம் நெருப்பு மூட்டி வாட்டிய சாசேஜ், டுவேன் முகத்தில் பழைய சிரிப்பு. அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகவே வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன ஆஷ் மரத்தை வெட்டி, வண்டி நிறைய விறகு ஏற்றி வந்திருந்தார்கள்.

வந்து இறங்கியதுமே அந்த ஹால்வர்சன் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, இந்த விறகு எங்கேருந்து..."

"இது எங்க விறகு சார். வேணும்னா ஆபீஸ் பக்கத்துக் கொட்டகையில விக்கிறாங்க, வாங்கிக்குங்க."

முகத்தில் அடித்தாற்போல் லோர்னா சொன்னதும், மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளே கை நீள ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் புரியவில்லை. கொளுத்துகிற ஜூலை வெயிலில் அவர் இடத்தில் நாள் முழுக்க நெருப்பு எரிந்தது. அதில் வாட்ட ஒரு சோளக்கதிர்கூடக் கிடையாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே கட்டையைப் போட்டார், எரித்தார், மறுபடியும் போட்டார்.

"திருடனா, கிறுக்கனா?" என்றாள் லோர்னா.

மத்தியானம் படகிலிருந்து திரும்பியபோது டுவேனும் குழம்பிப் போனான்.

"லோர்னா, நம்ம விறகு இவ்வளவு அழகாவா இருந்துச்சு?"

"ஏரிக் காத்துக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும். நான் போய் ரேஞ்சரைக் கூட்டிட்டு வரேன்."

பூங்காவின் ரேஞ்சர் கெஸ்லர் இளம்பெண்தான், ஆனால் லேசில் சிரிக்காத முகம். வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஹால்வர்சன் சார், இவங்க விறகை எடுத்தீங்களா?"

"எடுத்தேம்மா."

மறுப்பார், மழுப்புவார் என்று வாய்ச்சண்டைக்குத் தயாராக நின்ற லோர்னாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நேத்துதானே எங்க கொட்டகையில வண்டி நிறைய விறகு வாங்கினீங்க? அப்புறம் எதுக்கு இவங்களோடது?"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கெஸ்லர் குனிந்து, லோர்னாவின் அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லவேளை, நீங்களும் எங்க கொட்டகை விறகுதான் வாங்கியிருக்கீங்க. வாசல்ல அவ்வளவு பெரிசா எழுதிப் போட்டும் சில பேரு வீட்டிலேருந்து விறகு ஏத்திட்டு வந்துடறாங்க. அதுவும் ஆஷ் விறகுன்னா உள்ளே மரத்தைக் குடையிற வண்டு இருக்கும். அது வெளியே பறந்துச்சுன்னா இந்தக் காட்டுல ஒரு ஆஷ் மரம் மிஞ்சாது. யாராவது மாட்டினா நான் தயவு தாட்சண்யம் பார்க்கிறதில்ல. அபராதமும் உண்டு, அப்பவே கூடாரத்தைப் பிரிச்சுட்டுக் கிளம்பவும் வேணும்."

லோர்னாவும் டுவேனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அவள் அடுக்கைப் பார்த்தாள். ஹால்வர்சன் இடத்தில் எரிகிற நெருப்பைப் பார்த்தாள். அங்கே எரிவது அவள் வீட்டு ஆஷ். இங்கே அடுக்கியிருப்பது அவர் காசு கொடுத்து வாங்கியது. அவர் எடுத்துப் போனதை மட்டும் பார்த்தவள், படகில் போயிருந்த நேரத்தில் அவர் கொண்டுவந்து வைத்ததைப் பார்க்கவில்லை. அவளுக்குக் காது மடல் சுட்டது.

டுவேன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லோர்னா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"திருட்டுன்னு புகார் வந்தா நான் சும்மா விட முடியாது சார்," என்றாள் கெஸ்லர். "வருஷா வருஷம் வர்றவர் நீங்க. இவங்க உறுதியா நின்னாங்கன்னா, இனிமே இந்தப் பூங்காவுல உங்களுக்கு இடம் கிடையாது."

"புரியுதும்மா."

ஹால்வர்சன் லோர்னாவைப் பார்த்தார். எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்கம்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கெஸ்லர் லோர்னாவிடம் திரும்பினாள்.

ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் அந்த மனிதரின் பெயர் நிமிரும். ஆனால் கூடாரம் சாயும். லோர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வயசானவர், பாவம். போகட்டும் மேடம்," என்றாள். "நான் மன்னிச்சுட்டேன்."