டைகருக்கு ஒரு பாடை

“ஏண்டி, உனக்கு புத்தி இன்னா பேதலிச்சிப் போச்சா? எங்கப்பன் வூட்ல பொணமா கெடக்குறாரு. நீ நாயத் தூக்கறோம்னு வாக்கு குடுத்துட்டு வந்து நிக்கிற!”

பூமாலை கத்திய கத்தலில் ஒப்பாரியே நின்றுவிட்டது.

ஜெயம்மாள் புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பறையடிக்க வந்தவர்களிடம், “எழுந்திருங்கண்ணே, போவலாம்” என்றாள்.

பூமாலைக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? அப்பா சடையன் நேற்று போய்ச் சேர்ந்தார். காலனிச் சுடுகாட்டுக்கு ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெருக்காரர்கள் மறியல். தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். தாண்டிப் போனால் போலீஸ் அடி.

இருந்த ஒரே குறுக்கு வழி, மறியலில் முன்னால் நின்ற ஊர்த்தெரு நாராயணசாமியின் கரும்புக்கொல்லை வரப்பு. நேற்று சாயங்காலம் பூமாலை அவர் காலில் விழுந்து கேட்டான். “எங்கொல்லையில பொணத்த வுடுறதா? போடா!” என்று விரட்டிவிட்டார் மனுஷன்.

விடிந்ததும் அவருடைய நாய் டைகர் செத்துப்போனது. பிள்ளையில்லாதவர், மடியில் போட்டு வளர்த்தது. பாடை கட்டி, மாலை போட்டு, பறையடித்து எரிக்க வேண்டுமாம்! ஊர்ச் சுடுகாட்டில் நாயை விடமாட்டோம் என்று பங்காளிகள் குதித்தார்கள். ‘அப்ப காலனி சுடுகாட்டுல வையுங்கடா’ என்று ஆளனுப்பினார். இவள் ஓடிப்போய் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

“தனக்கு நியாயம் வோணும்னு மரத்த வெட்டி ரோட்ட மறிக்கிறாரு. எனக்கு ஒரு வரப்பு வுட மாட்டேங்குறாரு. அவரு நாய்க்கு நான் தோள் குடுக்கணுமா? ஒனக்கு வெக்கமா இல்ல?”

“வாய்யா” என்றாள் அவள். அவ்வளவுதான்.

நாராயணசாமி வாசலில் ஊரே கூடியிருந்தது. பட்டுத்துணி மூடிப் படுத்திருந்தது டைகர்.

“ரோட்ல மறியலுங்க ஆண்டே. எந்தப் பக்கமாப் போவறது?” ஜெயம்மாள் பணிவாகக் கேட்டாள்.

“இது இன்னா கேள்வி? நம்ம கொல்லையில தூக்கிக்கினு போங்க. எம்புள்ள எந்நெலத்துல போவறத எவன் கேக்கறது?”

அப்பனுக்கு இல்லாத வரப்பு நாய்க்கு! பல்லைக் கடித்துக்கொண்டு பூமாலை பாடையைத் தூக்கினான். பறை முழங்க, பூ இறைத்து, கரும்புக்கொல்லை வழியாகவே டைகர் போய்ச் சேர்ந்தது. நாராயணசாமி தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கொள்ளி வைத்தார்.

திரும்பி வந்தால் கொல்லைத் தலைமாட்டில் இன்னொரு பாடை. சடையனை ஜோடித்துத் தூக்கிக்கொண்டு காலனியே நின்றது. முன்னால், நாயைத் தூக்கியதுமே நழுவி வந்துவிட்ட ஜெயம்மாள், கையில் கொள்ளிச்சட்டி.

நாராயணசாமி துண்டை உதறிக்கொண்டு பாய்ந்தார். “யாரக் கேட்டுடீ எங்கொல்லையில எறங்குற? வந்த வழியே தூக்கிக்கினு போங்க!”

கொள்ளிச்சட்டியைப் பூமாலை கையில் கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

“ஒரு தபா பொணம் போன வழிய அப்பறம் யாரும் மறிக்கக் கூடாதுன்றது ஊர்க்கட்டு. இன்னிக்கு ஊரு பாக்க, பறையோட நீங்களே ஒண்ண வுட்டீங்க. இல்ல, அது பொணமில்ல, வெறும் நாயிதான்னு இப்ப எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லுங்க ஆண்டே, நாங்க திரும்பிப் போய்டறோம்.”