முப்பத்தெட்டாம் குப்பியில் ஓர் ஒல்லிப் பேன்

ஆய்வு மாணவி மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

ஒல்லி.

மயிலின் பேன் இப்படி இருக்காது. அது குண்டு. தலை பெட்டி மாதிரி, கன்னம் இரண்டும் மூலை மூலையாய்ப் புடைத்திருக்கும். முப்பத்தேழு குப்பிகளிலும் அந்தத் தலையைத்தான் பார்த்திருந்தாள். கனவில் வந்தாலும் அடையாளம் சொல்வாள்.

இது கோழியின் இறக்கைப் பேன். சந்தேகமே இல்லை.

"குப்பி மாறிப் போச்சு" என்று பேராசிரியர் மகுடேசுவரன் சொல்லிவிட்டார். "ஒண்ணு மாறினா மத்ததை எப்படி நம்பறது? எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுங்க."

ஒன்றரை வருடம். முப்பத்தெட்டு மயில்கள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பேன் மேல்.

குப்பி மாறவே இல்லை. அந்தப் பெண்மயில் நன்றாக நினைவிருக்கிறது. வேலிக் கம்பியில் கால் கிழிந்து கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தது. மற்ற மயில்கள் கொத்தும், உதைக்கும். இது அவள் மடியில் உட்கார்ந்து, பேன் சீப்பால் வாரிவிட வசதியாகக் கழுத்தை வேறு நீட்டியது. பேனைக் குப்பியில் போட்டு, சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளே இட்டது அவளேதான். மையில் எழுதினால் குப்பியில் ஊற்றும் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பென்சில் நிற்கும்.

மடியில் உட்கார்ந்தது.

காட்டு மயில் எங்கே மடியில் உட்காரும்?

மயிலைக் கொண்டுவந்தவரின் எண் பதிவேட்டில் இருந்தது. நாச்சாத்தாள், காங்கேயம் பக்கம். தோட்டத்தில் கிடந்தது என்று அன்று சொன்னவர். கால் ஆறியதும் மயிலை அதே தோட்டத்தில்தான் விட்டுவிட்டு வந்தார்கள்.

அது வளர்த்த மயிலா என்று போனில் கேட்டதும் நாச்சாத்தாள் குரலைத் தாழ்த்தினார். மயில் முட்டையைத் தொட்டாலே குற்றம் என்பது ஊருக்கே தெரியும்.

"கேஸு கீஸு போட்டுருவாங்களா அம்மிணி?"

"நான் பேன் பாக்கறவ அக்கா. வேற எதையும் பாக்க மாட்டேன்."

அவ்வளவுதான், நாச்சாத்தாள் கொட்டிவிட்டார்.

"சோளத்தட்டு அறுக்கறப்ப ஒத்த முட்டை கெடந்துச்சுங்க. தாய் மயிலு வரவே இல்ல. நம்ம அடைக்கோழிக்கு அடியில வெச்சுட்டனுங்க. அதுதான் பொரிச்சு வளத்துச்சு. இப்பவும் பொழுதானா கூட்டுக்கு வந்துருதுங்க."

மறுநாளே பஸ் பிடித்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாச்சாத்தாளின் கோழிக்கூட்டின் முன் குனிந்து பார்த்தாள்.

செவலைக் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைவிட மூன்று மடங்கு பெரிய பெண்மயில், உடம்பெல்லாம் வெளியே கிடக்க, தலையை மட்டும் கோழியின் இறக்கைக்குள் செருகியிருந்தது.

கோழி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பேன் பறக்காது, குதிக்காது. உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தால்தான் ஏறும்.

கோழியையும் வாரினாள்.

அதே ஒல்லி.

திரும்பும்போது பஸ்ஸிலேயே புதுச் சீட்டு எழுதினாள். கொண்டுவந்தவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். குறிப்பு என்ற இடத்தில், கோழி அடைகாத்துப் பொரித்த மயில், என்று எழுதினாள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தூங்கிவிட்டாள்.

காலையில் பேராசிரியர், கோழி வளர்த்த கதையை அவளிடம் கேட்டுவிட்டு, கோழியின் பேனையும் மயிலின் பேனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதலிலிருந்து எடுக்கச் சொல்லி வெளியே வைத்திருந்த முப்பத்தேழு குப்பிகளையும் ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

பிறகு சீட்டைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது.

தாய்வீட்டுச் சீதனம்.

அவள் ஆய்வேட்டில் ஓர் ஆச்சரியக்குறியைக்கூட உயிரோடு விட்டுவைக்காத மனிதர். அவள் அவசரமாக ரப்பரை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

சீட்டைச் சுருட்டிக் குப்பிக்குள் விட்டார். ஸ்பிரிட்டை ஊற்றினார். மூடியை இறுக்கினார்.