ஒத்திகையில் இல்லாத கேள்வி

தண்ணீர் டம்ளர் டிரைவரம்மாவின் வலக்கைப் பக்கம் இருந்தது. நான்தான் வைத்தேன்.

பேச முடியாமல் போனால் அதைத் தொட வேண்டும். குடிக்கக்கூட வேண்டாம், தொட்டாலே போதும். உடனே எங்கள் சீனியர் எழுந்து இடைவேளை கேட்பார். சாட்சிகளோடு எங்கள் அலுவலகம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அவர் தொடவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நெரிசலில் வண்டியை உருட்டிப் பழகிய நிதானம் குரலில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மேசைக்கடியில் முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது.

சட்டப்படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த ஃபெல்லோஷிப் இது. கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவம் பற்றிய சட்டங்களைத் திருத்தச் சொல்லி மல்லுக்கட்டும் ஒரு சின்ன அலுவலகம். சாட்சி சொல்ல வரும் பெண்களைத் தயார்செய்வது என் வேலை. சட்டமன்றக் கமிட்டியின் முன்னால் இன்றுதான் முதல் தடவை.

நாங்கள் மாற்றச் சொன்னது ஒரே ஒரு பிரிவை. கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணைச் சட்டம் ஒன்றும் செய்யாது. கூடப் போய் உதவியவரைத்தான் பிடிக்கும். வருடக்கணக்கில் சிறை. வேலை, தொழில் உரிமம் எதுவும் மிஞ்சாது.

டிரைவரம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்காது என்று ஸ்கேனில் தெரிந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. இங்குள்ள மருத்துவமனை சட்டத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டது. கணவர் கப்பல் வேலையில், எங்கோ நடுக்கடலில். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனார்.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கடைசி நாற்காலிக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். காலையிலிருந்து வாயே திறக்காதவர். தூங்குகிறார் என்று சீனியர் என் காதில் கேலி செய்திருந்தார்.

"அவ்வளவு ரத்தம் போயிருக்கு, நீங்களா வண்டி ஓட்டியிருக்க முடியாது. கூட்டிட்டுப் போனது யாரும்மா?"

குரலில் அக்கறை சொட்டியது.

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. வாரக்கணக்கில் சீனியர்தான் கமிட்டிக்காரராக நடித்துக் கேள்வி கேட்டார். அவர் நடித்த நடிப்பில் எனக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று. எதையெதையோ கேட்டார், இதை மட்டும் கேட்கவில்லை. கூட வந்தது யார் என்று எந்தப் பெண்ணையும் கேட்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. நமக்கே தெரியாததை நம் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது அல்லவா? கேட்காமலே பழகியதில், வெளியாள் கேட்பான் என்பது எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

எனக்கு அந்த விதி ரொம்பவே பிடித்திருந்தது.

பதில் வராவிட்டால் மொத்த வாக்குமூலத்தையும் பதிவிலிருந்து நீக்கச் சொல்வேன் என்றார் கடைசி நாற்காலிக்காரர், அதே அக்கறையோடு. தலைவர் மறுக்கவில்லை. நீக்கினால் எங்களிடம் வேறு சாட்சி கிடையாது. வருகிறேன் என்ற மற்ற எல்லோரும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள்.

பொய் சொன்னால் அது இன்னும் மோசம். சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய்க்கு டிரைவரம்மாவே சிறைக்குப் போக வேண்டும். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பொய் மட்டும் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும், சரிங்க மேடம் என்று தலையாட்டினார்.

இப்போது அவர் சீனியரைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

என்னை மட்டும் பார்க்கவில்லை.

டம்ளரைத் தொடுங்கள், தொட்டுத் தொலையுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கை மடியிலேயே கிடந்தது. வாய் திறந்தது. வரப்போவது பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

கையை நீட்டி அந்த டம்ளரை எடுத்து மடமடவென்று நானே குடித்தேன்.

சீனியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், எழுந்து இடைவேளை கேட்டுவிட்டார்.

வெளியே, கழிப்பறைக் கதவருகே, டிரைவரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குடி தண்ணியக் குடிச்ச? தனியாத்தான் போனேன்னு சொல்லிருப்பேன்ல. உங்கம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

பக்கத்து வீட்டு அக்கா. அன்று அவள் வீட்டுக் காரை ஓட்டியது நான், கார் ஓட்டக் கற்ற புதிது. பாலத்தின் நடுவில் வண்டி நின்று நின்று போனது. பின்சீட்டில் சுருண்டு கிடந்தபடியே, கிளட்ச்சை மெதுவாக விடு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இதே நடுக்கம்தான் அன்றும்.

அவள் சாட்சியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றபோது நான் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள்தான் முந்திக்கொண்டு, வணக்கம் மேடம் என்றாள். உட்காருங்க என்றேன். அதற்கப்புறம் இருவரும் அந்த மரியாதைக்குள்ளேயே ஒளிந்துகொண்டோம்.

மணி அடித்தது. அவளைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டுச் சாட்சி நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சீனியரின் முகம் வெளுத்தது. பயம் ஒன்றும் போய்விடவில்லை. அவ்வளவு தண்ணீர் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெயரும் தொழிலும் சொல்லச் சொன்னார் தலைவர்.

பெயரைச் சொன்னேன். பிறகு, வழக்கறிஞர் என்றேன். கடைசியாக ஒரு தடவை அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.