கதவோரத்தில் மூன்று நிறம்

இத்தாலியின் மோதெனா நகரில், கார் பட்டறை ஒன்றின் முற்றத்தில் வெயில் சாய்ந்து விழுகிறது. புதுப்பிக்கவென்று வாங்கிய பழைய ஃபெராரி காரின் கதவோரத்தை உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஃபெர்மோ திகைத்து நிற்கிறான். சிவப்புக்கு அடியில் வெள்ளி, அதற்கும் அடியில் நீலம். இருக்கைத் தோலோ பச்சை. எது அசல் நிறம், எதைப் பூசச் சொல்வது? "நீலத்துக்குப் பச்சைத் தோலை எவன்டா போடுவான்? வெள்ளிதான்!" என்று மல்லுக்கு நிற்கிறான் நண்பன் ஒராசியோ. வண்டியை முதலில் வாங்கியவரின் விதவை எர்சிலியாவையே அழைத்துவந்து கேட்கிறார்கள். "கலரா? வீட்ல போர்வை போட்டு மூடியே வெச்சிருப்பாரு. ரோட்டுல, அவரு போற வேகத்துக்கு நான் கண்ணை மூடிக்குவேன்," என்று சிரித்தபடி உள்ளே ஏறி அமர்கிறாள். பச்சைத் தோலைத் தடவிப் பார்க்கிறாள். கதவின் கைப்பிடியைப் பற்றிக் கண்களை இறுக மூடுகிறாள். "இதே வண்டிதான்ப்பா," என்றவள், பக்கத்தில் காலியாக இருக்கும் ஓட்டுநர் இருக்கையிடம் மெல்லச் சொல்கிறாள்: "மெதுவாப் போங்க."