டப்பாவுக்குத் திரும்பிய ஊசி

ஃபேர்லேண்ட்ஸ் அக்குபங்சர் மையத்தில் மருமகள் யுவஸ்ரீயைப் படுக்க வைத்துவிட்டுக் கண்ணாத்தாள் புலம்பினாள்.

“கல்யாணமாகி ஒரு வருசமாச்சுங்க. பாக்கறவங்க எல்லாம் விசேசம் உண்டான்னு கேக்கறாங்க. ஊசி குத்தியாவது ஒரு பேரனைக் கண்ல காட்டுங்க.”

சிகிச்சையாளர் சௌமியா நாடி பார்த்தார். “இவங்களுக்கு ஒரு குறையும் தெரியலீங்களே. பையனையும் கூட்டிட்டு வாங்க.”

“அவனுக்கு என்னங்க குறை? போர்வெல் ரிக் வண்டியில மேனேஜரு. சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு இருக்கறான்.”

“கடைசியா எப்ப ஊட்டுக்கு வந்தாரு?”

கண்ணாத்தாள் யோசித்தாள். யுவஸ்ரீ யோசிக்கவில்லை.

“மறுவிருந்து முடிஞ்ச அன்னிக்குப் போனாருங்க. இன்னும் வரலீங்க.”

கையில் எடுத்த ஊசியைச் சௌமியா டப்பாவிலேயே போட்டார். கண்ணாத்தாள் அவசரமாக மகனுக்குப் போன் போட்டாள்.

யுவஸ்ரீ எழுந்து உட்கார்ந்தாள். “புள்ளைக்காகன்னு கூப்பிடாதீங்க அத்தை. எனக்குப் பாக்கோணும்போல இருக்குன்னு சொல்லுங்க.”