மேகத்துக்குள் இரண்டு பேர்

"என் தம்பிக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியாமப் போச்சா?"

"அப்படிச் சொல்லலம்மா, மேகத்துக்குள்ள போயிட்டா யாருக்கும்…"

"அப்படித்தான் சார் சொல்லியிருக்கீக! வெத்தலைக்கடைக்காரன் கேக்குறான், உன் தம்பி பிளேனைத் தலைகீழா ஓட்டினானாமேன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்குறான்!"

போடி கடைவீதியே கேட்கும்படி, தங்கள் ஏலக்காய்க் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று கத்தினாள் ஞானசெல்வி. காய் பிரிக்கிற பெண்கள் சுளகைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எதிரே நாற்காலியில், துக்கம் கேட்க வந்த சுருளிவேல். ஜெயமங்கலத்துக்காரர், விமானப்படை அதிகாரி. போன மாதம் விழுந்த விமானத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர், இருவருமே ஓட்டத் தெரிந்தவர்கள். பாராசூட்டில் குதித்துக் கை முறிந்ததோடு தப்பியவர் இவர். தப்பாதவன் அவள் தம்பி ஜேசுராஜ்.

ஓட்டியது ஜேசுராஜ்தான், தடுமாறியதும் அவன்தான் என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் கடைசி விசாரணை. அங்கேயும் அதையே சொன்னால், செத்தவன் பெயரில் அது நிலைத்துவிடும்.

"ஓட்டை பிளேனைக் குடுத்துட்டுப் பழியை அவன் தலையில போடுறீக."

"பிளேன்ல கோளாறு இல்லம்மா. உடம்புதான் ஏமாத்தும். சாஞ்சுக்கிட்டே போவோம், நேராப் போற மாதிரியே இருக்கும். நிமித்துனா அப்பத்தான் சாயுற மாதிரி இருக்கும். முன்னால இருக்குற மீட்டர் சாய்வைச் சரியாத்தான் காட்டும். ஆனா அந்த நேரத்துல மீட்டர் பொய், நம்ம உடம்பு சொல்றதுதான் நெசம்னு தோணும். கை அதும்பாட்டுக்குத் தப்பாத் திருப்பும்."

"எட்டு வருசம் ஓட்டுனவனுக்கு மீட்டரைப் பாக்கத் தெரியாதா?"

"விடு ஆத்தா."

கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா அய்யாத்துரை சொன்னார். பிறகு சுருளிவேலைப் பார்த்தார்.

"கடைசியா எம் மகன் ஏதும் சொன்னானா தம்பி? அழுதானா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் சுருளிவேல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அழலய்யா. பயப்படவும் இல்ல. 'அண்ணே, மீட்டரைப் பாருங்க. அண்ணே, மீட்டரைப் பாருங்க'ன்னு கடைசி வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தான்."

பெரியவர் கண்ணை மூடித் தலையசைத்தார். மகன் பயப்படாமல் போயிருக்கிறான். அவருக்கு அது போதும்.

ஞானசெல்வி மட்டும் சுருளிவேலையே பார்த்தாள்.

சுருளிவேல் சட்டென்று எழுந்தார். மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

ஞானசெல்வி வாசலை மறித்து நின்றாள். இப்போது அவள் கத்தவில்லை.

"உங்களைப் பாத்து மீட்டரைப் பாருங்கன்னு கத்துனான்னு இந்தா எங்கப்பாகிட்ட சொன்னீகளே, இதை அங்கன விசாரணையில போய்ச் சொல்லுவீகளா?"